குடத்துக்கு அப்புறம் வரும் விதி: உத்திரமேரூர் கல்வெட்டும் புது மேனேஜர்களும்

உத்திரமேரூர் குடவோலைக் கல்வெட்டு பத்தி ஃபார்வர்டு வராத வாட்ஸப் குழு அபூர்வம். தேர்தலை உலகுக்கே நாமதான் சொல்லிக் கொடுத்தோம்னு ஆரம்பிச்சு, குடத்திலிருந்து ஒரு சிறுவன் ஓலை எடுப்பதோட முடிஞ்சிடும். இந்த வாசிப்பு மேலதான் என் விமர்சனம். குடத்தைப் பார்த்து அசந்து போய், அதுக்கு அப்புறம் வரும் விதியைக் கவனிக்காம விட்டுடறோம்.

எங்க ஊர் திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயில் கல்வெட்டுகளிலும் திரைமூர் சபையார், ஊர் நகரத்தார் பத்தின செய்திகள் உண்டு. ஆனா, வாரியத்துக்கு ஆள் எடுக்கும் விதிகளை விரிவா தெரிஞ்சுக்க உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குத்தான் போகணும். அங்கே உள்ள இரண்டு கல்வெட்டுகளும் முதலாம் பராந்தகன் காலத்தவை: 919, 921. இரண்டே வருஷத்தில் விதியைத் திருத்தியிருக்காங்க.

921-ஆம் ஆண்டு விதிப்படி 30 குடும்புகள் (இன்றைய வார்டு மாதிரி). குடும்புக்கு ஒருவராக 30 பேர். இதில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். யார் எந்த வாரியத்துக்கு? ஏற்கெனவே தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் இருந்தவர்கள், கல்வியில் பெரியவர்கள், வயதில் மூத்தவர்கள் ஆகியோரை சம்வத்சர வாரியத்துக்கு எடுக்கணும். மிச்சப் பேர்தான் மற்ற இரண்டுக்கும்.

அதாவது, பெரிய பொறுப்புக்கு ஆள் தேடும்போது முதல்ல கேட்ட கேள்வி "சின்னப் பொறுப்பைப் பார்த்திருக்கியா?" என்பது. பதவிக்காலம் 360 நாள். வாரியத்தில் இருந்தவர் அடுத்த மூணு வருஷம் திரும்ப வர முடியாது. கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவினர்களுக்கும் இடமே கிடையாது. தப்பு செஞ்சவரை நடுவிலேயே நீக்கலாம்.

பயிற்சி என்ற பேச்சே கல்வெட்டில் இல்லை. அப்படிப் பார்ப்பது என் வாசிப்பு. இதை ஜனநாயகம்னு கொண்டாடவும் தயக்கம் இருக்கு. சொந்த நிலமும் வேதக் கல்வியும் உள்ள பிராமண ஆண்களின் சபை அது. உழுதவனுக்கு ஓலை இல்லை.

இப்ப நம்ம ஆபீஸுக்கு வருவோம். டீம்லயே நல்லா கோட் எழுதறவர் யாரோ அவர் ஏப்ரல்ல மேனேஜர். இரண்டு நாள் வொர்க்‌ஷாப், ஒரு சர்டிஃபிகேட். திங்கட்கிழமை எட்டு பேரோட அப்ரைசல் அவர் கையில. திறமைசாலி தனக்குச் சரிப்படாத படி வரைக்கும் ஏறி அங்கேயே நின்னுடுவார்னு லாரன்ஸ் பீட்டரும் ரேமண்ட் ஹல்லும் 1969-லயே 'தி பீட்டர் பிரின்ஸிபிள்' புத்தகத்தில் கிண்டலா எழுதினாங்க. விற்பனைத் துறையை வெச்சு பென்சன், லீ, ஷூ மூணு பேரும் 2019-ல வெளியிட்ட ஆய்வும் கிட்டத்தட்ட இதைத்தான் காட்டுச்சு: நிறைய வித்தவருக்குப் பதவி உயர்வு வாய்ப்பு அதிகம், ஆனா அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர்களின் விற்பனை குறையுது. பீட்டர் புத்தகத்தில் என் குறை, இதைத் தலைவிதி மாதிரி சொல்லிட்டுப் போவதுதான். நின்னுபோனவர் எப்படி இறங்கறது?

உத்திரமேரூரில் இறங்குவது இயல்பு. 360 நாள் முடிஞ்சா எல்லாருமே இறங்கணும், அதனால யாருக்கும் அவமானம் இல்லை. நம்மகிட்ட மேனேஜர் திரும்ப கோட் எழுத வந்தா "என்னாச்சு, டிமோஷனா?" என்பாங்க. அதுக்குப் பயந்தே ஆட்களை நடத்தத் தெரியாதவரும் நாற்காலியை விடமாட்டார். விலை கொடுப்பது கீழே இருக்கும் எட்டு பேர். அதில் ஒருத்தர் வேலையை விடுவார், இன்னொருத்தர் தூக்கத்தை விடுவார்.

வொர்க்‌ஷாப் வேண்டாம்னு சொல்லலை. அதுக்கு முன்னாடி ஒரு ஏரி வாரியம் வேணும். ஒரு இன்டர்னை மூணு மாசம் பார்த்துக்கட்டும். ஒரு ரிலீஸை நாலு பேரை வெச்சு முடிக்கட்டும். முடிஞ்சதும் கணக்குக் கேளுங்க: வேலை முடிஞ்சுதா என்பதோட, அந்த நாலு பேரும் இவர்கூடத் திரும்ப வேலை செய்ய விரும்பறாங்களா என்றும். பிடிக்கலைன்னா மரியாதையோட கோடுக்குத் திரும்பட்டும், சம்பளம் குறையாம.

குடம் ஆளைத் தேர்ந்தெடுக்கும், அவ்வளவுதான். ஆளை உருவாக்கினது ஏரிக்கரையில் செஞ்ச வேலையாத்தான் இருக்கணும்.