மெய்நிகர் புவிக்கோளம்: முதற்பயிற்சியின் நிறைகுறைகள்

கணினித் திரையில் பூமியை உருண்டையாகக் காட்டி, அதன் எப்பகுதியையும் செயற்கைக்கோள் படங்களின் வழியே நெருங்கிப் பார்க்க உதவும் மென்பொருள் மெய்நிகர் புவிக்கோளம் எனப்படும். கீஹோல் நிறுவனத்தை 2004இல் வாங்கிய கூகுள், அதன் மென்பொருளை வளர்த்தெடுத்து 2005இல் கூகுள் எர்த் என வெளியிட்டது. இஸ்ரோ 2009இல் புவன் தளத்தைத் தொடங்கியது. இவற்றைக் கற்கத் தொடங்குவோர் பெரும்பாலும் தம் ஊரின் பெயரைத் தேடி, சொந்த வீட்டின் கூரையைக் கண்டறிவதையே முதற்பயிற்சியாகக் கொள்கின்றனர்.

இப்பயிற்சியின் பெருஞ்சிறப்பு, திரையில் தெரிவதை நேரில் அறிந்ததோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க இடம் தருவதாகும். நடந்து பழகிய தெருவின் நீளத்தை அளவுகோல் கருவியால் அளந்து பார்ப்பவருக்கு அளவீட்டின் மீது நம்பிக்கை பிறக்கிறது. அத்துடன், தரையில் நிற்கையில் தனித்தனியாகத் தெரியும் வரத்துக்கால்வாயும் ஏரியும் மதகும் ஆயக்கட்டு வயல்களும் மேலிருந்து நோக்கும்போது ஒரே நீர் அமைப்பின் உறுப்புகளாக விளங்குகின்றன.

ஆயினும், திரையில் காண்பது இக்கணத்துக் காட்சி என்ற மயக்கத்தையும் இப்பயிற்சி வளர்க்கிறது. உண்மையில் அக்காட்சி, வெவ்வேறு நாள்களில் செயற்கைக்கோள்களும் விமானங்களும் எடுத்த படங்களை ஒட்டுத் தெரியாமல் இணைத்த தொகுப்பாகும். இராமநாதபுரம் மாவட்டத்துக் கண்மாய் ஒன்றை மே மாதப் படத்தில் மட்டும் காண்பவர் அதனைத் தரிசு நிலமென்றே கருதக்கூடும். வடகிழக்குப் பருவமழைக்குப் பிந்தைய படத்திலோ அதுவே நீர் நிறைந்து கிடக்கும். நீர்நிலைகள் ஆக்கிரமிப்பால் சுருங்கிவரும் காலத்தில் இத்தகைய பிழையைச் சிறிதென ஒதுக்க இயலாது.

இரண்டாவது குறை, பகுதிறன், அதாவது படத்தின் ஒரு புள்ளி தரையில் அடக்கும் பரப்பு, பற்றிய கவனமின்மை. லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களில் ஒரு புள்ளி 30 மீட்டர் பக்கமுள்ள சதுரத்தை, அதாவது ஏறத்தாழ 22 சென்ட் நிலத்தை அடக்குவதால், அதனினும் சிறிய வயலின் எல்லையை அதில் தேடுவது வீண் முயற்சியாகும். மேலும், தட்டையான படத்தை உயரத் தரவின் மீது போர்த்திக் காட்டுவதால், பள்ளத்தாக்கைக் கடக்கும் பாலம் சில இடங்களில் தொய்ந்து இறங்குவதுபோல் தோன்றுகிறது. இது கட்டுமானத்தின் குறையன்று, காட்டும் முறையின் குறையே.

இக்குறைகளுக்காக இப்பயிற்சியைக் கைவிட வேண்டியதில்லை. அதனோடு நிறுத்திக்கொள்வதே தவறு. வீட்டைக் கண்டறிந்தவர் அடுத்ததாகப் படம் எடுக்கப்பட்ட தேதியைப் பார்த்து, கூகுள் எர்த்தில் 2009இல் சேர்க்கப்பட்ட, பழைய படங்களைக் காட்டும் காலப்பட்டையை நகர்த்தி, அதே இடத்தைக் கோடையிலும் மழைக்குப் பின்னும் ஒப்பிட வேண்டும். இடத்தையும் காலத்தையும் சேர்த்து வாசிக்கப் பழகிய பின்னரே செயற்கைக்கோள் படம் நம்பத்தக்க சான்றாகிறது.