படகு நின்றால்தான் ஆட்டம் தொடங்குகிறது

1932 ஜூன் 2 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், மான்ட்கோமரி ஏரியில், கையால் செய்த சிறு படகில் இருந்தபடி ஜார்ஜ் பெர்ரி பிடித்த பெருவாய் பாஸ் மீனின் எடை 22 பவுண்டு 4 அவுன்ஸ். அதாவது சுமார் 10 கிலோ. 77 ஆண்டுகள் கழித்து, 2009 ஜூலை 2 அன்று ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா பிடித்த மீன் அதைவிட ஓர் அவுன்ஸுக்கும் குறைவாகவே கூடியது. பழைய சாதனையை முறியடிக்க 2 அவுன்ஸாவது கூட வேண்டும் என்பது விதி என்பதால் இருவரும் இன்றும் அந்தச் சாதனையைப் பகிர்ந்துகொள்கிறார்கள். இரண்டு மீன்களைக் காட்டி எதையும் நிறுவிவிட முடியாது. அதிர்ஷ்டத்துக்கு இதில் பெரும் பங்குண்டு. ஆனால் ரே ஸ்காட் 1967இல் ஆர்க்கன்சாஸின் பீவர் ஏரியில் நடத்திய பாஸ் பிடிக்கும் போட்டிக்குப் பிறகு பெரும் தொழிலாக வளர்ந்துவிட்ட இந்த விளையாட்டை, 250 குதிரைத்திறன் எஞ்சினோடு சீறிப் பாயும் படகுகளின் ஆட்டமாகவே பலரும் பார்க்கிறார்கள். அந்தப் பார்வை தவறு. கோடைக் காலையில் பாஸ் பிடிப்பவரின் திறமை, படகை ஓர் இடத்தில் அடக்கி நிறுத்தியபின் அவர் எடுக்கும் முடிவுகளில்தான் இருக்கிறது.

காரணம் தண்ணீரிலேயே இருக்கிறது. கோடையில் ஆழமான ஏரி அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். மேலே வெதுவெதுப்பான நீர், கீழே குளிர்ந்த நீர், இரண்டுக்கும் நடுவே வெப்பம் சட்டென்று இறங்கும் மெல்லிய அடுக்கு. சத்து மிகுந்த ஏரிகளில் அந்த அடுக்குக்குக் கீழே ஆக்சிஜன் தீர்ந்துபோவதால், ஏரி எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பாஸ் வாழ்வதற்கு மேல்பகுதிதான் மிஞ்சுகிறது. பாஸ் மங்கிய வெளிச்சத்திலும் நன்றாக வேட்டையாடும். சின்ன மீன்களை மறைந்திருந்து மடக்க அந்த வெளிச்சம் அதற்கு உதவுகிறது. அதனால் விடிகிற நேரத்தில் பாசி ஓரங்களுக்கும் அல்லி இலைகளுக்கும் வந்து இரை தேடுகிறது. வெயில் ஏறியதும் இலைக்கூட்டத்தின் அடியிலோ படகுத்துறையின் நிழலிலோ ஒதுங்கிவிடும், அல்லது ஆழத்துக்கு நகர்ந்துவிடும். ஆக, கரையோரத்தில் வாய்க்கிற நல்ல நேரம் குறுகியது. அந்த நேரத்தை ஏரியைச் சுற்றுவதில் செலவிடுகிறவர் மீனிடம் இருக்க வேண்டிய பொழுதைப் பயணத்துக்குக் கொடுத்துவிடுகிறார்.

சிறு படகில் போகிறவருக்கு இந்தத் தேர்வே கிடையாது. துடுப்பாலோ சிறு மின்மோட்டாராலோ எட்டக்கூடிய ஒரு வளைகுடாதான் அவருக்கு வாய்க்கும். அந்தக் கட்டாயம் அவரை நல்ல ஆட்டக்காரராக்குகிறது என்பேன். பாசி எங்கே முடிகிறது, தரை எங்கே சரிகிறது, சின்ன மீன்கள் எந்தப் பக்கம் துள்ளுகின்றன என்பதையெல்லாம் அவர் பார்த்தே தீர வேண்டும். ரப்பர் தவளையை இலைமேல் வீசி, நீர்வளையம் அடங்கும்வரை அசைக்காமல் விடுவதும், தண்ணீர் வெடித்து மீன் பாயும்போது பதறிச் சுண்டாமல், நரம்பில் கனம் தெரிந்த பிறகே இழுப்பதும் கைப்பழக்கத்தால் மட்டும் வருவதில்லை. அவை மனத்தை அடக்கிச் செய்யும் வேலைகள். இதை ஓய்வு என்று சொல்கிறவர்கள், கடைசி நாள் ஆடுகளத்தில் நான்கு மணி நேரம் கட்டை போட்டு நிற்கும் மட்டையாளரையும் ஓய்வெடுக்கிறார் என்றுதான் சொல்ல வேண்டும்.

இதற்கு வலுவான மறுப்பு கெவின் வான்டாம். ஆண்டின் சிறந்த வீரர் பட்டத்தை ஏழு முறையும், பாஸ்மாஸ்டர் கிளாசிக் கோப்பையை நான்கு முறையும் வென்ற அவர் வேகத்துக்கே பெயர் பெற்றவர்; வீசுவதும் சுற்றுவதும் இடம் மாற்றுவதும் எல்லாமே விரைவு. ஆனால் 2011இல் நியூ ஆர்லியன்ஸில் நடந்த கிளாசிக்கைக் கவனியுங்கள். மூன்று நாட்களில் அவர் சேர்த்த 69 பவுண்டு 11 அவுன்ஸுக்கு அடித்தளம், கட்டவாச்சி ஏரியை ஒட்டிய ஒரே நீர்ப்பரப்பு. அங்கே தண்ணீருக்கடியில் கிடந்த கட்டைகளைச் சுற்றித் திரும்பத் திரும்ப வீசிக்கொண்டிருந்தார். அது கோடை அல்ல, பிப்ரவரி மாதம். ஆனாலும் கணக்கு மாறவில்லை. அவருடைய வேகம் தேடலுக்கு உதவியது, வெற்றியை இடம்பெயராத பிடிவாதம் தந்தது. 2019இல் 72 வயதில் ஃபுளோரிடாவின் செயின்ட் ஜான்ஸ் ஆற்றில் வென்ற ரிக் கிளன் இன்னொரு சான்று. உடல் வேகமே தீர்மானிக்கும் விளையாட்டில் அந்த வயதில் உச்ச நிலைப் போட்டியை வெல்ல வழியே இல்லை.

இரண்டாவது மறுப்பு புதியது. 2018இல் கார்மின் நிறுவனத்தின் லைவ்ஸ்கோப் வந்தபிறகு, படகுக்கு முன்னால் நீந்தும் மீனையே திரையில் நேரடியாகப் பார்க்க முடிகிறது. பிறகு காத்திருப்புக்கு என்ன வேலை என்கிறார்கள். திறந்த, ஆழமான நீரில் இந்தக் கருவியின் பலத்தை மறுக்க முடியாது. 2025 பாஸ் புரோ டூர் போட்டிகளில், நாளின் மூன்று பகுதிகளில் ஒன்றில் மட்டும் இதைப் பயன்படுத்தலாம் என்று கட்டுப்படுத்தியதே அதற்குச் சாட்சி. அந்தக் கட்டுப்பாடு சரியானது என்றே நினைக்கிறேன். ஆனால் அடர்ந்த பாசிக்குள் அந்தத் திரை பெரிதாக உதவுவதில்லை. திரையில் தெரிகிற மீனும் இரையைப் பின்தொடர்ந்து வந்துவிட்டு, தொடாமல் திரும்பிப் போவதுண்டு. இல்லினாயின் ரிட்ஜ் ஏரியில் தலைமுறை தலைமுறையாக நடந்த ஆய்வு, தூண்டிலில் எளிதில் சிக்கும் தன்மை பாஸ்களில் மரபுவழி வருகிறது என்று காட்டியது. அதாவது சில மீன்கள் பிறவியிலேயே சுலபமாக ஏமாறாதவை. அந்த மீன் எங்கே நிற்கிறது என்பதைத் திரை காட்டிவிடும். அதை வாய் திறக்க வைப்பது இன்னமும் தூண்டில் பிடித்திருக்கும் கையின் வேலைதான்.