முன்பணமும் வன்முறையும்: தமிழ்ப் புதினங்களில் பணியிடம்

2015ஆம் ஆண்டில் அன்றைய சித்தூர் மாவட்டம் இரு கொலை நிகழ்வுகளைக் கண்டது. ஏப்ரல் 7ஆம் நாள் திருப்பதியை ஒட்டிய சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தோர் எனப்பட்ட 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். நவம்பர் 17ஆம் நாள் சித்தூர் மாநகராட்சி அலுவலகத்திலேயே மேயர் கட்டாரி அனுராதா சுட்டுக் கொல்லப்பட்டார். அவர்தம் கணவர் மோகனும் தாக்குண்டு இறந்தார். பின்னதைப் பணியிட வன்முறை என்பதற்கு எவரும் தயங்கார். முன்னதை அப்பெயரால் சுட்டியவர் அரிதினும் அரியர். அது சட்ட ஒழுங்குச் செய்தியாகவும், பின்னர் மனித உரிமைச் செய்தியாகவும் பேசப்பட்டது. இவ்வேறுபாடு எங்கிருந்து எழுகிறது என்னும் வினாவே இக்கட்டுரைக்கு அடிப்படை. இவ்வினாவுக்குத் தமிழ்ப் புதினங்கள் சில விடை வைத்திருக்கின்றன என்பதும், நம் திறனாய்வு அவ்விடையைக் கவனிக்கத் தவறியது என்பதும் என் கருத்து.

காடு யாருடைய பணியிடம்? 2013 டிசம்பரில் இதே சேஷாசலத்தில் வனத்துறை அலுவலர் இருவர் மரம் வெட்டுவோரால் தாக்கிக் கொல்லப்பட்டனர். அவர்கள் பணியில் இருந்தபோது இறந்தவர்கள் என்பதில் ஐயமில்லை. 2015இல் இறந்தோர் திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டத்தினர். பலர் மலைவாழ் மக்கள். தற்காப்புக்காகச் சுட்டதாகக் காவல்துறை கூறியது. மனித உரிமை அமைப்புகள் அதனை மறுத்தன. தேசிய மனித உரிமை ஆணையமும் தலையிட்டது. அவ்வழக்கின் உண்மை ஈண்டு ஆராயப்படவில்லை. நாளேடுகள் ஒரே மனிதரைக் 'கூலி' என்றும் 'கடத்தல்காரர்' என்றும் மாறி மாறி எழுதியமையே ஈண்டு நோக்கத்தக்கது. வெட்டும் செயல் குற்றம். வெட்டுபவர் பெறுவது கூலி. ஆளைச் சேர்ப்பவர், முன்பணம் தருபவர், வண்டி ஏற்றி விடுபவர் என ஒரு வரிசை அவருக்குப் பின்னால் நிற்கிறது.

இவ்வரிசையைத் தமிழ் வாசகர் முன்பே அறிவர். பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளிவந்த 'ரெட் டீ', இரா. முருகவேளின் தமிழாக்கத்தில் 'எரியும் பனிக்காடு' என 2007இல் வந்தது. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றியவர் டேனியல். 1920களில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வால்பாறைக்கு அழைத்துச் செல்லப்படும் கருப்பன், வள்ளி என்னும் இணையரின் கதை இது. அடி, நோய், சாவு என்னும் கொடுமைகளையே பெரும்பாலான ஆய்வுகள் பட்டியலிடுகின்றன. 2013இல் வந்த 'பரதேசி' திரைப்படமும் அவற்றையே பெரிதாக்கிக் காட்டியது. புதினத்தின் நுட்பமோ முதற்பகுதியில் உள்ளது. மேஸ்திரி இனிமையாகப் பேசுகிறான். பசித்திருப்பவன் கையில் பணத்தை வைக்கிறான். அங்கே வன்சொல் ஒன்றும் இல்லை. ஆனால் அக்கணத்திலேயே வேலையை விட்டு விலகும் உரிமை கருப்பனிடமிருந்து போய்விடுகிறது. பின்னர் விழும் ஒவ்வோர் அடியும் அந்த இழப்பின்மேல்தான் விழுகிறது. ஆண்டிறுதிக் கணக்கில் கடன் தீராமல் நிற்பது எதிர்பாராத அநீதியன்று. தொடக்கத்திலேயே அமைக்கப்பட்ட ஏற்பாடு.

புதுமைப்பித்தன் 1935இல் எழுதிய 'துன்பக்கேணி'யிலும் மருதியின் துயரம் தேயிலைத் தோட்டத்தில் தொடங்கவில்லை. ஆள் பிடிக்கும் இடத்தில் தொடங்குகிறது. இதனை அவலச்சுவை என்று கூறி நாம் கடந்துவிடுகிறோம். சுவை என்று பெயரிட்டபின் அதன் இயங்குமுறையைத் தேடும் வேலை நமக்கு இல்லாமற் போகிறது. (என் முனைவர் பட்ட ஆய்வேட்டிலும் இப்பிழை உண்டு.)

சட்டம் இவ்விடத்தில் திறனாய்வினும் முந்தி நிற்கிறது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் முன்பணத்தையே கொத்தடிமையின் முதல் அடையாளமாகக் கொள்கிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2019ஆம் ஆண்டு 190ஆம் உடன்படிக்கை, பணிக்குச் செல்லும் வழியையும் வேலைதருபவர் அளிக்கும் தங்குமிடத்தையும் பணியுலகின் பகுதியாகக் கருதுகிறது. கருப்பனும் வள்ளியும் மலையேறும் நெடும்பயணத்தை டேனியல் இத்தனை விரிவாக எழுதியது ஏன் என்பது இவ்வரையறையோடு வைத்துப் படிக்கும்போது விளங்குகிறது.

எனினும் 'எரியும் பனிக்காடு' தடுக்கும் வழியைக் கூறுமிடத்தில் தளர்கிறது. பிற்பகுதியில் வரும் நல்ல மருத்துவர் மீது ஆசிரியர் முழு நம்பிக்கையையும் ஏற்றிவிடுகிறார். அவர் மாற்றலாகிப் போனால் என்னவாகும் என்று வாசகர் கேட்காமலிருக்க முடியாது. டி. செல்வராஜின் 'தேநீர்', 'தோல்' ஆகியவை சங்கம் என்னும் வேறு வழியை முன்வைப்பவை. கலைநயத்தில் சில இடங்களில் குறைபட்டாலும் இவ்வகையில் அவை ஒருபடி மேல். செம்மரம் வெட்டுவோருக்கோ மருத்துவரும் இல்லை, சங்கமும் இல்லை. குற்றமெனப்பட்ட வேலைக்குச் சங்கம் அமைப்பது இயலாது.

பெண்களின் நிலையில் இனங்காணல் இன்னும் கடினம். தூத்துக்குடி உப்பளங்களைக் களஆய்வு செய்து ராஜம் கிருஷ்ணன் எழுதிய 'கரிப்பு மணிகள்' (1979), பொன்னாச்சியின் வழியாக மேற்பார்வையாளரின் அத்துமீறலைக் காட்டுகிறது. கூலியைத் தருபவனும் வேலையை ஒதுக்குபவனும் ஒருவனே என்பதால் மறுப்பு உடனே பட்டினியாகிறது. 'விசாகா' தீர்ப்பு 1997இல் வந்தது; சட்டம் 2013இல் வந்தது. பத்துப் பேருக்குக் குறைவாகப் பணிபுரியும் இடங்களுக்காக மாவட்டந்தோறும் ஒரு குழு இருக்க வேண்டும் என்கிறது அச்சட்டம். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானபின் இங்கு இரு குழுக்கள் தேவை. சித்தூர்ப் பகுதி மாங்கூழ் ஆலைகளில் பருவ வேலைக்குச் செல்லும் தாய்மாரின் மகள்கள் என் வகுப்பில் படிக்கின்றனர். குழுவைப் பற்றிக் கேட்டேன். ஒருவரும் அறிந்திருக்கவில்லை.

புதினத் தாளில் 'கருப்பனின் பாத்திரப் படைப்பை விளக்குக' என்னும் வினா ஆண்டுதோறும் இடம்பெறும். சென்ற பருவத்தின் உள்மதிப்பீட்டுத் தேர்வில் அதனை மாற்றி, 'கருப்பன் எவ்விடத்தில் மறுத்திருக்க இயலும்?' என்று கேட்டேன். பெரும்பாலோர் முன்பணம் வாங்கும் இடத்தைக் குறித்திருந்தனர். எல்லையோர ஊர் ஒன்றிலிருந்து வரும் மாணவர் மட்டும் 'பேருந்து நிலையத்தில்' என்று எழுதியிருந்தார். புதினத்தில் பேருந்து நிலையம் எங்கும் இல்லை. நான் அவ்விடைக்கு முழு மதிப்பெண் அளித்தேன்.