ஐம்பது பெண்கள் சேரும்வரை

2020 வைகாசியில், திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமத்தில் என் அத்தை கட்டிக்கொண்டிருந்த வீடு பாதிச் சுவரோடு நின்றது. மாசியில் வானம் தோண்டி, பங்குனியில் ஊரடங்கு வந்து நின்றுபோன வேலை. தளர்வு அறிவித்ததும் மேஸ்திரி ஆட்களைக் கூட்டிவந்தார். இரண்டு கொத்தனார், ஒரு நிமிந்தாள், மூன்று சித்தாள். அவரோடு சேர்த்து ஏழு பேர். அருப்புக்கோட்டையில் கல்லூரி மூடிக் கிடந்ததால் நானும் அங்கேதான் இருந்தேன்.

ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், மத்திய உள்துறை அமைச்சகம் ஏப்ரல் 15 அன்று வெளியிட்ட ஆணையையும் அதில் இருந்த பணியிட நெறிமுறைகளையும் போனில் வைத்துக்கொண்டு அந்தப் பெண்களுக்குத் தமிழில் சொன்னேன். படித்த பிள்ளை என்ற மிதப்பு எனக்கு. ஐந்து வயதுக்குக் கீழ் குழந்தை உள்ள பெற்றோரை வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஊக்குவிக்கலாம் என்ற இடம் வந்தது. இளைய சித்தாளின் மூன்று வயது மகன் அப்போது எங்கள் மணல் குவியலில் உட்கார்ந்திருந்தான். மூவரில் மூத்த அக்கா கேட்டார்: “அப்போ வீட்டுலயே கலவை குழைச்சுக் குடுத்து விடுவமா, பாப்பா?” மூவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் எனக்குப் புரைக்கேறிவிட்டது.

இலக்கிய வகுப்பில் எங்களுக்குச் சொல்லித்தந்த ஒரு கேள்வி உண்டு: இந்தப் பிரதி யாரை மனதில் வைத்து எழுதப்பட்டிருக்கிறது? கவிதையிடமும் நாவலிடமும் அதைக் கேட்டுப் பழகிய நான், ஒரு அரசாணையிடம் கேட்டதில்லை. பிறகு அதைப் பலமுறை வாசித்தேன். வாயிலில் வெப்பமானி வைத்துச் சோதிக்க வேண்டும். வெளியிலிருந்து வருகிறவர்களுக்குத் தனி வாகனம் வேண்டும்; அதில் 30 முதல் 40 சதவீதம் பேர்தான் ஏறலாம். இரண்டு ஷிப்டுகளுக்கு நடுவே ஒரு மணி நேர இடைவெளி வேண்டும். மின்தூக்கியில் இரண்டு அல்லது நான்கு பேருக்கு மேல் கூடாது. தொழிலாளர்களுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். படிக்கப் படிக்க ஒரு பணியிடம் கண்முன் எழும்புகிறது. அதற்குக் கேட் இருக்கிறது, கேண்டீன் இருக்கிறது, கூட்டம் நடத்தும் அறை இருக்கிறது, கணக்கு வைக்க ஒரு அலுவலகம் இருக்கிறது. கிருமிநீக்கம் செய்ய வேண்டிய இடங்களின் பட்டியலில் கழிப்பறையும் வருகிறது, ஏற்கெனவே இருக்கும் ஒன்றாக.

எங்கள் வேலையிடத்தில் கழிப்பறை இல்லை. ஆண்கள் கண்மாய்க் கரைக்குப் போனார்கள். பெண்கள் காலையில் வீட்டில் போய்விட்டு வந்தால் மறுபடி சாயங்காலம்தான். அதனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்கள். கரிசல் காட்டு வைகாசி வெயிலில் தலையில் சாந்துச்சட்டியோடு ஏறி இறங்கும் ஒருத்தி தண்ணீர் குடிக்காமல் இருந்தால் நீர்க்கடுப்பும் மயக்கமும் வரும் என்பதைச் சொல்ல மருத்துவர் தேவையில்லை. அத்தை குடியிருந்த பழைய வீட்டின் பின்னால் ஒரு கழிப்பறை இருந்தது. அதை அவர்களுக்குத் திறந்துவிடலாமே என்று நான் கேட்டபோது, “நோய் இருக்கிற காலத்துல எப்படிம்மா?” என்றார் அத்தை. நோய் இல்லாத மாசி மாதத்திலும் அது திறந்திருக்கவில்லை.

செம்பு விஷயமும் அப்படித்தான். வேலைக்கு வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க எங்கள் வீட்டில் எப்போதும் ஒரு தனிச் செம்பு உண்டு. எந்தச் சாதிக்காரர் வந்தால் அது வெளியே வரும் என்பதும் எங்களுக்குத் தெரியும். கொரோனா வந்தபோது அந்தச் செம்புக்கு ஒரு மருத்துவக் காரணம் கிடைத்தது. ‘சமூக இடைவெளி’ என்று ரேடியோவும் டிவியும் சொல்லிக்கொண்டிருந்த நாட்களில் சிலர் அதைத் திருத்தி, ‘தனிமனித இடைவெளி’ என்று சொல்லுங்கள் என்றார்கள். சொல்லில் என்ன இருக்கிறது என்று அப்போது நினைத்தேன். எங்கள் திண்ணையில் கவிழ்த்து வைத்திருந்த செம்பைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

அடிக்கடி சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள் என்றார்கள். குண்டாற்றில் பெரும்பாலான மாதங்கள் மணல்தான் தெரியும். போரில் வருவது உப்புத் தண்ணீர். குடிக்கும் தண்ணீரைக் குடக் கணக்கில் வாங்க வேண்டும். புதுச் சுவர் வெடிக்காமல் இருக்கக் காலையும் மாலையும் நனைக்க வேண்டுமென்று அத்தை டிராக்டரில் தண்ணீர் வாங்கித் தொட்டியில் நிரப்பினார். சுவருக்குத் தண்ணீர் வாங்கிய நாங்கள் கைகளுக்கென்று ஒரு குடம் வைக்கவில்லை. கரண்டியும் சட்டியும் கழுவிச் சாம்பல் நிறமாகிப்போன டிரம் தண்ணீரில் கையை அலசிவிட்டு அவர்கள் சோற்றில் கை வைத்தார்கள். மேஸ்திரி ஒரு சானிடைசர் பாட்டில் வாங்கிவந்தார். ஈரச் சிமெண்டில் காரம் அதிகம். நாள் முழுக்க அதில் புழங்கும் கையில் விரலிடுக்கெல்லாம் வெடித்திருக்கும். சானிடைசர் பட்டதும் இளைய பெண் கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். பிறகு அந்தப் பாட்டில் ஜன்னல் திட்டிலேயே இருந்தது. வேலைக்கையுறை மூன்று ஜோடி வாங்கிக் கொடுத்திருந்தால் பாதி பிரச்சினை தீர்ந்திருக்கும். அது யாருக்கும் தோன்றவில்லை.

பேருந்து ஓடாத நாட்களில் கொத்தனார்கள் சொந்த பைக்கில் வந்தார்கள். சித்தாள்களிடம் பைக் இல்லை. மேஸ்திரி வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரலாம். ஊர் வாய்க்குப் பயந்து அதற்கு இரண்டு பேர் ஒப்பவில்லை. விடியுமுன் நடந்து வந்தார்கள். மறு ஆண்டு, 2021 மே 7 அன்று, சாதாரணக் கட்டண அரசுப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் என்ற ஆணை கையெழுத்தானது. அது எத்தனை பெண்களின் கூலியை மிச்சப்படுத்தியது என்பதை இந்தப் பக்கத்துக்காரி நான் அறிவேன். ஆனால் மே 10 அன்று முழு ஊரடங்கு வந்து பேருந்தே நின்றுபோனது. மறுபடியும் பைக் இருந்தவர்கள் போனார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடினேன். 1996ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் தெளிவாகவே பேசியது: குடிநீர், கழிப்பறை, முதலுதவி, தங்குமிடம். ஆனால் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் அது செல்லுபடியானது. ஒருவர் தான் குடியிருக்கக் கட்டும் வீட்டின் செலவு 10 லட்சத்தைத் தாண்டாவிட்டாலும் செல்லுபடியாகவில்லை. எங்கள் வீட்டில் ஏழு பேர். சட்டம் படலை தாண்டி உள்ளே வரவில்லை. ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஓர் அறை வேண்டும் என்றும் அது சொன்னது. எங்கள் ஊர்ப் பக்கம் எந்த வீட்டு வேலையில் ஐம்பது சித்தாள் நின்றிருக்கிறார்கள்? 2005ஆம் ஆண்டின் நூறு நாள் வேலைச் சட்டம் இதை வேறு மாதிரி யோசித்தது. ஐந்து குழந்தைகள் வந்தால் போதும், வேலைக்கு வந்த பெண்களில் ஒருத்தியை அவர்களைப் பார்த்துக்கொள்ள அமர்த்த வேண்டும் என்றது. அவளுக்கும் கூலி உண்டு என்றது. ஒரு சட்டம் பெண்களை எண்ணியது, இன்னொன்று குழந்தைகளை எண்ணியது. குழந்தைகளை எண்ணிய சட்டம்தான் தாயின் கண்ணால் பார்த்திருக்கிறது. பெருந்தொற்றின் நடுவிலேயே, 2020 செப்டம்பரில், 1996ஆம் ஆண்டுச் சட்டத்தை உள்ளடக்கிய புதிய தொகுப்பை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. பத்துப் பேர் என்ற எல்லை அதிலும் இருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு பெருமை உண்டு. 1982இலேயே உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம், 1994இல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம். இவை தானாக வந்தவை அல்ல. கீதா ராமகிருஷ்ணன் போன்றவர்களும் ஆயிரக்கணக்கான சித்தாள்களும் தெருவில் நின்று வாங்கியவை. அந்த வாரியம் வழியாகத்தான் 2020 மார்ச்சில், பதிவு பெற்ற தொழிலாளர்களுக்கு 1,000 ரூபாயும் 15 கிலோ அரிசியும் பருப்பும் எண்ணெயும் அறிவிக்கப்பட்டன. எங்கள் வீட்டில் வேலை செய்த மூவரில் ஒருவருக்குத்தான் நடப்பு அட்டை இருந்தது. ஒருவர் புதுப்பிக்கவில்லை. இளையவர் பதிவே செய்யவில்லை: “அதான் எங்க வீட்டுக்காரர் பேர்ல கார்டு இருக்கே.” பதிவுக்கு ஆண்டில் 90 நாள் வேலை செய்ததாகக் காட்ட வேண்டும். இன்று இந்த மேஸ்திரி, நாளை வேறொருவர் என்று போகும் பெண்ணுக்கு அந்தக் கணக்கை யார் எழுதிக் கொடுப்பார்?

பணம் இல்லாமல் இல்லை. கட்டடச் செலவில் ஒரு சதவீதம் தீர்வையாகச் சேர்கிறது. 2020 மார்ச்சில் நாடு முழுவதும் வாரியங்களிடம் சுமார் 52,000 கோடி ரூபாய் இருந்ததாக மத்தியத் தொழிலாளர் அமைச்சகமே சொன்னது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்புதான் உச்ச நீதிமன்றம், இந்தப் பணத்தில் மடிக்கணினியும் துணி துவைக்கும் இயந்திரமும் வாங்கிய கதையைக் கேட்டு அதிர்ச்சி தெரிவித்திருந்தது.

நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஊரடங்கு நாட்களில் பெண்ணியம் பேசும் நாம் நிறைய எழுதினோம்: அடுப்படியும் மடிக்கணினியும் ஒரே நேரத்தில் தலையில் விழுந்ததைப் பற்றி, பூட்டிய கதவுக்குள் நடந்த வன்முறையைப் பற்றி. எழுத வேண்டியவைதான். ஆனால் வீடு என்ற சொல்லை எழுதும்போது அதற்குச் செங்கல் சுமந்தவள் நம் நினைவுக்கு வரவில்லை. அவளுக்கு நாமே முதலாளி என்பதும் வரவில்லை. பத்துப் பேருக்குக் குறைவான இடத்தில் சட்டம் இல்லையென்றால், அங்கே அவள் உடல்நலம் வீட்டுக்காரர்களின் மனதைப் பொறுத்ததாகிறது. எங்கள் வீட்டின் மனம் எப்படி இருந்தது என்று மேலே எழுதிவிட்டேன்.

பெரிய யோசனைகள் எதுவும் என்னிடம் இல்லை. ஒரு பெண் வேலைக்கு வந்தாலும் கழிப்பறை, ஒரு குழந்தை வந்தாலும் நிழல் என்று எண்ணிக்கையைக் கீழே இறக்க வேண்டும். வீட்டு வரைபடத்துக்கு அனுமதி கொடுக்கும்போதே, வேலையாட்களுக்குத் தண்ணீரும் கழிப்பறையும் எங்கே என்று ஊராட்சி கேட்கலாம். சித்தாளின் பெயரை வருகை நோட்டில் எழுதுவதை மேஸ்திரியின் கடமையாக்கலாம். 90 நாள் கணக்கு அதிலிருந்தே வரும்.

தை மாதம் அத்தை வீட்டில் பால் காய்ச்சினோம். மேஸ்திரிக்கும் கொத்தனார்களுக்கும் வேட்டி துண்டு, சித்தாள்களுக்கு ரவிக்கைத் துணி. மூத்த அக்கா வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்தார். பின்பக்கம் புதுக் கழிப்பறையின் சுவரைத் தட்டிப் பார்த்து, “இதுக்கு மட்டும் அன்னைக்கு நானூறு கல்லு தூக்குனேன்” என்றார். “உள்ள போய்ப் பாருங்கக்கா” என்றேன். அத்தை இருந்த பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, “இருக்கட்டும் பாப்பா, வீட்டுக்குப் போய்க்கிறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.