வான்போர் வீரர் மரபும் வெற்றிக் கணக்கின் நேர்மையும்

வான்சண்டையில் பகை விமானங்கள் ஐந்தையேனும் வீழ்த்திய விமானி 'ஏஸ்' என்னும் சிறப்புப் பெயருக்கு உரியவர் என்பதும், அவ்வழக்கு முதல் உலகப் போர்க் காலத்துப் பிரான்சில் தோன்றிப் பிற நாடுகளுக்குப் பரவியது என்பதும் கொச்சி மட்டாஞ்சேரியிலுள்ள இச்சங்கத்தின் உறுப்பினர் யாவரும் அறிந்தவை. ரிக்ட்ஹோஃபனின் 80, ஹார்ட்மனின் 352 ஆகிய வெற்றி எண்ணிக்கைகள் மட்டாஞ்சேரிப் பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம். ஆகவே அவற்றை மீண்டும் எடுத்துரைப்பதை விடுத்து, இம்மரபில் கிளைத்த பள்ளிகள் எவை, ஒவ்வொரு பள்ளியும் எதனை வெற்றியென ஏற்றது, எதனைத் தள்ளியது என்று ஆராயுமாறு மலர்க்குழுவின் மூத்தோர் பணித்துள்ளனர். ஆசானிடமிருந்து மாணவனுக்கு வழிவழியாகக் கைமாறும் போர்முறையும், அதனோடு சேர்ந்து வரும் கணக்குமுறையும் கூடியதே ஒரு பள்ளி எனக் கொள்ளலாம். இவ்விரண்டில் பின்னது அண்மைக் காலத்தில் பெரிதும் புறக்கணிக்கப்பட்டு வருகிறது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

ஜெர்மானியப் பள்ளியின் முதலாசான் ஒஸ்வால்ட் போல்க்கே ஆவார். கதிரவனை முதுகில் வைத்துக்கொண்டு மேலிருந்து பாய வேண்டும், மிக நெருங்கிய பின்னரே சுட வேண்டும், தொடங்கிய தாக்குதலை இடையில் விட்டுத் திரும்பலாகாது என்பன போன்ற எட்டு விதிகளை அவர் 1916-இல் வகுத்தார். அவ்விதிகள் பின்னர் உலகெங்கும் போர் விமானிகளின் பாலபாடமாயின. நாற்பது வெற்றிகளுடன் முன்னணியில் நின்ற அவர், அதே ஆண்டு அக்டோபர் 28 அன்று பகைவர் குண்டினால் அன்றித் தம் அணியைச் சேர்ந்த பூமே என்பவரின் விமானம் தம் விமானத்தை உரசியதால் வீழ்ந்து மடிந்தார். அவர் தேர்ந்தெடுத்துப் பயிற்றுவித்த இளைஞர்களுள் ஒருவரே ரிக்ட்ஹோஃபன். இப்பள்ளியின் கணக்கு கறாரானது: ஒரு விமானம் வீழ்ந்தால் அது ஒருவர் பெயரில் மட்டுமே ஏறும், இருவர் சேர்ந்து சுட்டாலும் பங்கு என்பது கிடையாது, சாட்சியோ சிதைவோ இன்றி வெற்றி ஏற்கப்படாது. கினெமேரும் ஃபோங்க்கும் தோன்றிய பிரெஞ்சுப் பள்ளியும் சாட்சி கேட்பதில் இதற்குச் சளைத்ததன்று.

பிரித்தானியப் பள்ளி இரு கிளைகளை உடையது. தனியே சென்று வேட்டையாடும் ஆல்பர்ட் பாலின் கிளை ஒன்று. புதியவரை அணைத்துக்கொண்டு கூட்டமாகச் சென்று, வெற்றியையும் அவருக்கே விட்டுக்கொடுக்கும் மிக் மேனக்கின் கிளை மற்றொன்று. இந்தியருக்கு நெருக்கமானது இரண்டாவதே. ஏனெனில் மேனக் பயிற்றுவித்த ஜார்ஜ் மெக்கெல்ராய் என்பாரின் கீழ், நாற்பதாம் படையணியில், கல்கத்தாவில் பிறந்த இந்திரலால் ராய் பறந்தார். ஆசான், மாணவர், மாணவருக்கு மாணவர் என மூன்று தலைமுறைகள் ஒரே வானில் நின்ற அப்பரம்பரை 1918 ஜூலை மாதத்தின் கடைசி பத்து நாட்களில் முற்றாக அழிந்தது: ஜூலை 22 அன்று ராய், 26 அன்று மேனக், 31 அன்று மெக்கெல்ராய்.

இந்திரலால் ராயின் வாழ்க்கை பத்தொன்பது வயதைத் தாண்டவில்லை. 1898 டிசம்பர் 2 அன்று பிறந்து, லண்டனில் செயின்ட் பால் பள்ளியில் பயின்று, 1917-இல் வான்படையில் சேர்ந்த அவர், அவ்வாண்டு டிசம்பரில் விபத்துக்குள்ளானபோது இறந்தவர் எனக் கருதப்பட்டுப் பிணவறையில் கிடத்தப்பட்டார் என்றும், அங்கே நினைவு திரும்பிக் கதவைத் தட்டினார் என்றும் வழங்குகிறது. பறக்கத் தகுதியற்றவர் என மருத்துவர் கூறிய பின்னும் விடாது முறையிட்டு, 1918 ஜூனில் மெக்கெல்ராயின் அணிக்கு வந்து சேர்ந்தார். ஜூலை 6 முதல் 19 வரையான இரு வாரங்களில் பத்து வெற்றிகள் அவர் பெயரில் எழுதப்பட்டன. அடுத்த மூன்றாம் நாள் ஃபோக்கர் விமானங்களுடன் நிகழ்ந்த சண்டையில் எரிந்து வீழ்ந்தார். சிறப்புப் பறப்புச் சிலுவை என்னும் விருது அவர் மறைந்த பின்னரே வந்தது. இந்தியர்களுள் ஏஸ் என ஐயமற ஏற்கப்படுபவர் அவர் ஒருவரே. சுதந்திர இந்திய வான்படைக்குத் தலைமையேற்ற முதல் இந்தியரான சுப்ரதோ முகர்ஜி அவருக்கு மருமகன் முறை என்பதையும் சேர்த்துக்கொண்டால் வங்கத்துப் பரம்பரை முழுமையாகும்.

ராயின் அந்தப் பத்து வெற்றிகளையும் பகுத்தே நோக்க வேண்டும். பிரித்தானியர் கணக்கில், முற்றாக அழிந்த விமானமும், கட்டுப்பாடிழந்து சுழன்று கீழே சென்ற விமானமும் ஒருசேர வெற்றியெனவே கொள்ளப்பட்டன. சுழன்று சென்றது தரையில் மோதியதா, மேகத்துக்குக் கீழே நிமிர்ந்து வீடு சேர்ந்ததா என்பதை மேலே இருந்தவர் அறிய வழியில்லை. ராயின் பத்தில் இருவகையும் உண்டு, பிறருடன் பகிர்ந்தவையும் உண்டு. இவ்வாறு சொல்வதனால் அவர் பெருமை குன்றாது. பெருமை குன்றுவதெல்லாம் அன்பின் மிகுதியால் எண்ணைக் கூட்டும்போதுதான். மேனக்கின் நண்பரும் தொண்டருமான ஐரா ஜோன்ஸ், பில்லி பிஷப் என்னும் கனடியரின் 72-ஐ விடத் தம் தலைவர் ஒன்றேனும் கூடுதலாகப் பெற்றிருக்க வேண்டும் என்று விரும்பி 73 என எழுதிவைத்தார். பிற்கால ஆய்வாளர் அதனை 61 எனக் குறைத்தபோது, பிறர் வெற்றிக்காகத் தம் வெற்றியை விட்டுக்கொடுத்த ஒரு மனிதர் பெயரில் பொய்க்கணக்கு எழுதிய பழி மட்டுமே எஞ்சியது. தொண்டர் செய்த பிழைக்குத் தலைவர் விலை கொடுத்தார்.

இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையணிகளிலிருந்து ஏஸ் எவரும் எழாததைச் சிலர் குறையெனக் கருதுவர். அப்படையணிகளுக்கு அளிக்கப்பட்ட பணி பெரும்பாலும் வேவு பார்த்தலும் தரைப்படைக்குத் துணையாகத் தாக்குதலுமே. 1942-இல் பர்மாவில் கே. கே. மஜும்தார், வேவுக்கென அமைந்த லைசாண்டர் விமானங்களில் குண்டுகளைப் பூட்டிச் சென்று ஜப்பானியர் தளத்தைத் தாக்கினார். 1944-இல் இம்பால் முற்றுகையின்போது அர்ஜன் சிங் முதலாம் படையணியை வழிநடத்தினார். இருவர்க்கும் சிறப்புப் பறப்புச் சிலுவை கிடைத்தது. இருவர் பெயரிலும் ஐந்து விமானங்கள் இல்லை. 1942 ஏப்ரல் 5, உயிர்த்தெழுந்த ஞாயிறன்று கொழும்பின் மேல் ஜப்பானியரை எதிர்த்துப் பறந்த பிரித்தானிய வான்படையின் ஹரிகேன் விமானிகளின் அன்றைய வெற்றிக் கணக்கும் பின்னர் ஜப்பானியர் ஏடுகளுடன் ஒப்பிட்டபோது வெகுவாகச் சுருங்கியது.

இவ்வொப்பீட்டு முறையையே மட்டாஞ்சேரிப் பள்ளி தன் உயிராகக் கொண்டது. மட்டாஞ்சேரியில் விமானம் பறந்ததில்லையே, பள்ளி எங்ஙனம் என வினவுவார்க்கு விடை எளிது: கால்வாய்க்கு அப்பால் வில்லிங்டன் தீவில் கருடா என்னும் கடற்படை விமானத்தளம் 1953 மே 11 முதல் இயங்கி வருகிறது; அத்தளத்தின் பணிமனையில் எந்திரங்களைப் பிரித்துப் பூட்டி ஓய்வுபெற்றவரும், இச்சங்கத்தின் நூலகத்தைப் பல்லாண்டு பேணியவரும், உறுப்பினர் அனைவராலும் ஐயா என்றே அழைக்கப்பட்டவருமான பெரியவர் இப்பள்ளியைத் தோற்றுவித்தார். பஜார் சாலையில் சுக்கு மணக்கும் கிடங்கின் மேல்மாடியில் ஞாயிறு மாலைதோறும் கூடிய அந்த வகுப்பில் ஐயா மேசைமேல் விரிப்பது ஒரு நீண்ட கணக்குப் பேரேடு. பக்கத்துக்கு மூன்று பத்திகள்: விமானி சொன்னது, அவர் தரப்பு ஏற்றது, எதிர்த்தரப்பு இழந்ததாக ஒப்பியது. மூன்றாம் பத்தி நிரம்பும்வரை பெயருக்கு நேரே பென்சிலால் மட்டுமே எழுதுவார். மூன்றும் ஒத்தபின்னரே மைப்பேனாவை எடுப்பார்.

அப்பேரேட்டில் 1965-ஆம் ஆண்டின் இந்திய-பாகிஸ்தான் போர்ப் பக்கங்கள் ஒரு பாடநூலுக்கு நிகரானவை. செப்டம்பர் 3 அன்று நாட் என்னும் சிறு விமானத்தில் பறந்த ட்ரெவர் கீலர் பாகிஸ்தானின் சேபர் ஒன்றை வீழ்த்தினார் என்பது சுதந்திர இந்தியாவின் முதல் வான்வெற்றியாகப் போற்றப்பட்டது. அந்தச் சேபர் சேதமுற்றுத் தளம் திரும்பியது என எதிர்த்தரப்பு கூறியதால் ஐயாவின் ஏட்டில் அது பென்சிலிலேயே நின்றது. செப்டம்பர் 7 அன்று பாகிஸ்தானின் சர்கோதா தளத்துக்கு மேல் ஒரு நிமிடத்துக்குள் இந்தியாவின் ஐந்து ஹன்டர் விமானங்களை வீழ்த்தியதாகப் பாகிஸ்தானின் எம். எம். ஆலம் பெற்ற புகழும், இந்தியத் தரப்பு அதனை ஏற்காமையால், அதே பென்சிலில்தான். தன்னவர்க்கு மை, அயலவர்க்குப் பென்சில் என்னும் ஓரவஞ்சனை அங்கே இல்லை.

மூன்றாம் பத்தியின் அருமையை உணர்த்துவது ஏ. பி. தேவய்யாவின் வரலாறு. குடகு நாட்டவரான அவர் அதே செப்டம்பர் 7 அன்று, மாற்று விமானியாகக் காத்திருந்து, மிஸ்டேர் என்னும் விமானத்தில் சர்கோதாவுக்குச் சென்று திரும்பவில்லை. என்ன நடந்தது என்பதை இந்தியத் தரப்பில் எவரும் கண்டிலர். தம் விமானத்தைவிட வேகத்தில் இருமடங்கு மேம்பட்ட பாகிஸ்தானின் ஸ்டார்ஃபைட்டர் விமானத்தை எதிர்த்து நின்று அவர் வீழ்த்தினார் என்பது, பாகிஸ்தான் தரப்பிலிருந்து தகவல் பெற்று அயல்நாட்டவர் ஒருவர் எழுதிய நூலால் பல ஆண்டுகள் கழித்தே தெரியவந்தது. 1988-இல் அவருக்கு மகாவீர் சக்கரம் அளிக்கப்பட்டது. இறந்து 23 ஆண்டுகளுக்குப் பின். தன் தரப்பின் பத்தி வெறுமையாக இருந்த வீரனுக்குப் பகைவன் பத்தி நீதி வழங்கியது.

1971 நவம்பர் 22 அன்று போய்ராவில் மாஸ்ஸி, கணபதி, லாசரஸ், சோரஸ் ஆகிய நால்வர் நாட் விமானங்களில் சேபர்களைச் சந்தித்த சண்டையும் இவ்வாறே. மூன்று வீழ்ந்தன எனப்பட்டது. இரண்டின் விமானிகள் பாராசூட்டில் இறங்கிப் பிடிபட்டனர். மூன்றாவது அடிபட்டுத் தேஜ்காவ் தளம் சேர்ந்தது. பிடிபட்டவருள் ஒருவரான பர்வேஸ் மெஹ்தி குரேஷி பின்னாளில் பாகிஸ்தான் வான்படைத் தலைவரானார். துப்பாக்கியுடன் இணைந்து இயங்கும் கேமராவின் படச்சுருளும் பிடிபட்டோரின் வாக்குமூலமும் இருந்ததால் இப்பக்கத்தில் ஐயாவின் மைக்கு வேலை மிகுதி.

கொச்சியின் கடற்படைப் பள்ளிக்கு வெற்றி எண்ணிக்கையே அளவுகோல் அன்று. ஓடும் கப்பலின் தளத்தில், வால்கொக்கி தடுப்புக் கம்பியைப் பற்றுமாறு இறங்குவதே அங்கே முதல் தேர்வு. அத்தேர்வில் 1961 மே 18 அன்று சீ ஹாக் விமானத்தை விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தில் இறக்கி முதலில் தேறியவர் பின்னாளில் கடற்படைத் தலைவரான தஹிலியானி. 1971 டிசம்பர் 4 முதல் எஸ். கே. குப்தாவின் தலைமையில் 300-ஆம் படையணியின் சீ ஹாக்குகள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. கொதிகலன் ஒன்று பழுதுற்று வேகம் குறைந்த கப்பலிலிருந்து அவை பறந்தன என்பதை மறத்தல் ஆகாது. வானில் எதிர்ப்பட்ட பகை விமானம் ஏதுமில்லை. ஆகவே ஏஸ் பட்டியலில் அவர்கள் இல்லை. டிசம்பர் 10 அன்று மேற்குக் கடலில், ஸ்டார்ஃபைட்டரால் சுடப்பட்ட அலிஸே என்னும் இந்தியக் கடற்படை விமானத்தில் இருந்தவர்கள் திரும்பவே இல்லை. ஐயாவின் பேரேட்டில் அவர்களுக்கெனத் தனிப்பக்கம் உண்டு.

இத்தகைய பள்ளியின் வழிவந்தோர் இருக்கும் ஊரில் இன்று நிகழ்வனவற்றைச் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. எவரையும் குறைகூறுவது நோக்கமன்று. பெயர் சுட்டுவது முறையுமன்று. அவர்களுள் சிலர் சங்கத்துக்குத் தாராளமாகப் பொருளுதவி செய்தவர்கள் என்பதும் நன்றியுடன் நினைக்கத்தக்கதே. ஆயினும் அண்மைக் காலத்தில் மேடையேறுவோர் சிலர், போர் விமானத்தில் ஏறிய ஒவ்வொருவரையும் ஏஸ் என அழைக்கின்றனர். ஒன்றை இரண்டாக்கி, அடுத்த ஆண்டு விழாவில் அதனை நான்காக்குகின்றனர். சேதமுற்றுத் திரும்பியதை வீழ்ந்ததாகவும், வீழ்ந்ததை எரிந்ததாகவும் வளர்க்கின்றனர். ஹன்டரின் படத்தை மாட்டி நாட் எனப் பெயரெழுதுவதும், 1971-க்கு ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வந்த சீ ஹாரியரை அப்போரில் பறக்கவிடுவதும் வழக்கமாகிவிட்டன. சான்று கேட்டால் நாட்டுப்பற்று இல்லாதவர் என்று முகம் சுளிக்கின்றனர்.

இது சிறு பிழையெனக் கடந்துபோகத்தக்கதன்று. வெற்றிக் கணக்கில் பொய் புகுந்தால் பயிற்சிக் கூடத்தில் பொய் புகும். பயிற்சியில் புகுந்தது போரில் உயிர் கேட்கும். வீழாததை வீழ்ந்ததென நம்பிய தளபதிகள் பகைவரின் பலத்தைக் குறைத்து மதிப்பிட்டுத் தம் இளைஞரைப் பலிகொடுத்ததற்கு இரு உலகப் போர்களிலும் சான்றுகள் பல. ஆண்டுவிழா மேடைக்கும் போர்க்களத்துக்கும் தொலைவு அதிகமல்லவா என்று கேட்கலாம். அத்தொலைவு அவ்வளவு அதிகமன்று. மேடையில் கேட்ட எண்ணை மாணவன் கட்டுரைப் போட்டியில் எழுதுகிறான், பரிசும் பெறுகிறான், அவனே நாளை நூல் எழுதுகிறான். முப்பது ஆண்டுகளுக்கு முன் இதே மாடியறையில் தேதி ஒன்று தவறினால் வகுப்பு முழுவதும் நின்றது. இன்று ஆண்டே தவறினாலும் கைதட்டல் நிற்பதில்லை. தேநீரும் உளுந்து வடையும் மட்டும் முன்போலவே தவறாமல் வருகின்றன.

கால்வாய்க்கு அக்கரையில், கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தில் உருவான புதிய விக்ராந்த் 2022 செப்டம்பர் 2 அன்று கடற்படையில் சேர்ந்துள்ளது. அதன் தளத்திலிருந்து பறக்கும் இளைஞர்களைக் குறித்து இனி எழுதப்போகும் ஏடுகளும் மூன்று பத்திகளுடன் அமைய வேண்டும். இதற்கென மலர்க்குழு இரண்டு வேண்டுகோள்களை விடுக்கிறது. வரும் ஆண்டுவிழா முதல், சொற்பொழிவாளர் தாம் கூறும் ஒவ்வொரு வெற்றிக்கும் நாள், இடம், எதிர்த்தரப்பின் கூற்று ஆகிய மூன்றையும் எழுதி நூலகத்தில் முன்கூட்டியே ஒப்படைத்தல் வேண்டும். கருடா தளத்திலோ வான்படையிலோ பணியாற்றிய முன்னோரின் பறப்புப் பதிவேடுகளையும், பின்புறத்தில் நாள் குறித்த புகைப்படங்களையும், கடிதங்களையும் வைத்திருக்கும் குடும்பத்தினர் அவற்றை ஞாயிறு மாலைகளில் மாடியறைக்குக் கொண்டுவர வேண்டும். படியெடுத்த பின் மூலங்கள் அன்றே உரியவரிடம் திருப்பித் தரப்படும்.