மன அதிர்ச்சிக்கு வைட்டமின் டி மருந்தாகுமா?

பேரதிர்ச்சிக்கு ஆளானவரின் மூளையில் கால்சியம் அளவு மீறிப் பாய்கிறது. வைட்டமின் டி அதைக் கட்டுப்படுத்துகிறது. ஆகவே அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோயை வைட்டமின் டி தணிக்கும். அண்மைக்காலமாக முன்வைக்கப்படும் இந்த வாதத்தின் முதல் இரண்டு கூற்றுகளுக்கு ஆய்வகச் சான்று உண்டு. மூன்றாவது அவற்றிலிருந்து பிறக்கவில்லை. அவற்றின் தோளில் ஏறி நிற்கிறது.

சான்று இருக்கும் பகுதியை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். நியூரானுக்கு வெளியே உள்ள கால்சியத்தின் செறிவு உள்ளே இருப்பதைவிடச் சுமார் 10,000 மடங்கு அதிகம். அதனால் செல்லின் வாயில்கள் நொடியின் சிறு பங்கு திறந்தாலே உள்ளே பெரும் மாற்றம் நிகழ்கிறது. நினைவு பதிவதும் இதனால்தான். பாய்ச்சல் நீடித்தால் நியூரான் சிதைவதும் இதனால்தான். மன அழுத்த ஹார்மோன்கள், நினைவைப் பதியும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸின் நியூரான்களில் இந்தக் கால்சிய ஓட்டத்தைக் கூட்டுவதை விலங்காய்வுகள் காட்டியுள்ளன. வளர்ப்புத் தட்டில் இருந்த எலி நியூரான்களுக்கு வைட்டமின் டி-யின் செயல்படு வடிவமான கால்சிட்ரியாலைக் கொடுத்தபோது எல்-வகைக் கால்சிய வாயில்கள் குறைந்தன, நியூரான்கள் நச்சுத் தூண்டலைத் தாங்கின என்று 2001-இல் வெளியான ஆய்வு கூறியது. அந்த வைட்டமினுக்கான ஏற்பிகள் மனித மூளையிலேயே பரவலாக இருப்பது 2005-இல் உறுதியானது. ஆகவே இது வெறும் கற்பனையில் எழுந்த கருத்தல்ல.

ஆனால் கால்சியத்தைப் பகையாக நிறுத்தும் இடத்தில் வாதம் சறுக்குகிறது. 2002-இல் வெளியான ஒரு சோதனையில், ஓர் ஒலியோடு மின்னதிர்ச்சியும் சேர்த்துக் கொடுத்து எலிகளுக்கு அந்த ஒலியின்மீது பயம் ஏற்படுத்தினார்கள். பின்னர் மின்னதிர்ச்சி இல்லாமல் ஒலியை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கச் செய்தபோது சாதாரண எலிகளின் பயம் தணிந்தது. எல்-வகை வாயில்களை அடைக்கும் மருந்து பெற்ற எலிகளுக்குத் தணியவில்லை. அச்சமூட்டும் நினைவைப் பாதுகாப்பான சூழலில் மீண்டும் எதிர்கொள்ளச் செய்யும் உளச்சிகிச்சையின் அடிப்படையும் இதே மறுகற்றல்தான். வைட்டமின் டி அந்த மருந்தைப் போல வாயிலை அடைப்பதில்லை. எனவே அது தீங்கு செய்யும் என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. கால்சியம் குறைந்தால் நல்லது என்றும் முடிவுகட்ட முடியாது. எந்த நியூரானில், எப்போது, எவ்வளவு என்பதே கேள்வி. அதற்கு இரத்தப் பரிசோதனைச் சீட்டில் விடை இல்லை.

மனநலம் குன்றியவர்கள் பலரிடம் வைட்டமின் டி குறைவாக இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் அதிர்ச்சியில் உறைந்தவர் வெளியே வருவதில்லை, வெயில் படுவதில்லை, ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. குறைபாடு நோயின் விளைவாகவும் இருக்கலாம். காரணத்தைப் பிரித்தறியச் சோதனை வேண்டும். அமெரிக்காவில் மனச்சோர்வு இல்லாத, 50 வயதும் அதற்கு மேலுமான 18,353 பேரிடம் தினம் 2,000 யூனிட் வைட்டமின் டி-யையும் போலி மாத்திரையையும் ஒப்பிட்டு 5 ஆண்டுகளுக்கு மேல் கவனித்தார்கள். மனச்சோர்வு வருவதில் வேறுபாடு இல்லை என்பது 2020-இல் வெளிவந்த முடிவு. அவர்களில் பெரும்பாலோருக்குக் குறைபாடு இல்லை, அவர்கள் அதிர்ச்சிக்கு ஆளானவர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களும் அல்லர் என்ற மறுப்பு நியாயமானதே. ஆனால் அந்த மறுப்பு, குறைபாடுள்ள அதிர்ச்சி நோயாளிகளிடம் தனியே சோதிக்க வேண்டும் என்று கேட்கிறதே தவிர, இப்போதே மருந்தாக எழுதிக்கொடுக்க உரிமை தரவில்லை.

விலை மலிவு, கொடுத்தால் என்ன நஷ்டம் என்பது கடைசி வாதம். நம் ஊர் மருந்துக் கடைகளில் கிடைப்பது 60,000 யூனிட் சாஷே. வாரம் ஒன்று என எழுதியதைத் தினம் ஒன்று என விழுங்கினால் இரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, சிறுநீரகப் பாதிப்பு, மனக்குழப்பம் வரை போகும். ஆஸ்திரேலியாவில் 70 வயதும் அதற்கு மேலுமான பெண்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை 5,00,000 யூனிட் கொடுத்தபோது எலும்பு முறிவு கூடியதாக 2010-இல் தெரியவந்தது. குறைபாடு இருந்தால் எலும்புக்காகவும் தசைக்காகவும் அளவோடு சரிசெய்யுங்கள். அதிர்ச்சிக்கான சிகிச்சை என்ற பெயரில் அதைக் கொடுத்து, பலன் நிரூபிக்கப்பட்ட உளச்சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.