சின்ன டிரெய்லரில் கேஸ் சுவிட்ச்: பேட்டரி எங்கே போகிறது?

அமெரிக்காவில் பழைய ஃபைபர்கிளாஸ் டிரெய்லர்களுக்கு இன்றும் மவுசு குறையவில்லை. மின்னசோட்டாவில் செய்யப்படும் ஸ்காம்ப், டெக்சஸில் செய்யப்படும் காசீட்டா போன்றவை 13 அடி, 16 அடி, 17 அடி வண்டிகள். முட்டை ஓடு போல இரண்டு பாதிகளைச் சேர்த்த உடம்பு. மரச்சட்டக் கூரைபோல நனைந்து உளுத்துப்போகாது. அதனால் முப்பது வருடப் பழசுக்கும் ஆள் இருக்கிறது.

1990களில் வந்த சின்ன டிரெய்லர்கள் சிலவற்றில், தரைக்குச் சற்று மேலே ஒரு சிறிய பெட்டியைப் பார்க்கலாம். கேஸ் கசிந்தால் கத்தும் டிடெக்டர் அது. கூடவே ஒரு ஆன்–ஆஃப் சுவிட்ச். அங்கிருந்து ஒயர் வண்டியின் முன்பக்கம் போய், சிலிண்டர் அருகே ஒரு சொலினாய்டு வால்வில் முடியும். அப்படியொரு வண்டியில் இந்தப் பழைய ஏற்பாட்டையும், அதற்கு மாற்றாக இன்று கிடைப்பவற்றையும் மீட்டர் வைத்து அளந்து பார்த்தேன். ராத்திரி ஒரு விளக்கும் போடாமல் பேட்டரி காலியாகிறதே என்று தவிக்கும் பழைய வண்டிக்காரர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இந்தப் பெட்டிதான்.

வால்வு வேலை செய்யும் விதம் எளிது. உள்ளே ஒரு ஸ்பிரிங் அதை மூடியே வைத்திருக்கும். சுவிட்சைப் போட்டால் காயிலில் மின்சாரம் ஓடி, காந்தம் வால்வைத் தூக்கிப் பிடிக்கும்; கேஸ் உள்ளே வரும். டிடெக்டர் கசிவைக் கண்டால் மின்சாரத்தை வெட்டும்; ஸ்பிரிங் வால்வை அடித்து மூடும். ஒயர் அறுந்தாலும், ஃபியூஸ் போனாலும், பேட்டரி செத்தாலும் இதே கதைதான்: கேஸ் நிற்கும். மின்சாரம் எப்படிப் போனாலும் பாதுகாப்பான பக்கமே சாயும்படி யோசித்துச் செய்த பொருள். அந்த யோசனைக்கு முழு மதிப்பெண் கொடுக்கிறேன்.

விலை என்னவென்றால், கேஸ் திறந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் காயில் மின்சாரம் தின்றுகொண்டே இருக்கும். நான் அளந்த வால்வு 0.8 ஆம்பியர் இழுத்தது. ஒரு நாளைக்கு 19 ஆம்பியர்-மணிக்கு மேல். இந்த வண்டிகளில் வழக்கமாக இருக்கும் குரூப் 24 ஈயப் பேட்டரி ஏறக்குறைய 80 ஆம்பியர்-மணி கொள்ளளவு உள்ளது. ஆயுள் கெடாமல் எடுக்கக்கூடியது அதில் பாதி. டிடெக்டரின் பங்கையும் சேர்த்தால், விளக்கு, விசிறி, தண்ணீர் பம்ப் எதையும் தொடாமலே இரண்டு நாளுக்குள் அந்தப் பாதி தீர்ந்துவிடும். நல்ல கோடை வெயிலில் 100 வாட் சோலார் பேனல் ஒரு நாளில் தருவது 25 முதல் 30 ஆம்பியர்-மணி. அதில் பெரும்பகுதியை ஒரு வால்வைத் தூக்கிப் பிடிக்கவே செலவழிப்பது எனக்கு ஒப்பவில்லை. கையால் பற்றவைக்கும் பழைய கேஸ் ஃபிரிட்ஜுக்குச் சுடர் எரிய மின்சாரமே வேண்டாம் என்பதையும் பாருங்கள். மின் இணைப்பில்லாத காட்டில் நாள்கணக்கில் ஓடக்கூடிய ஃபிரிட்ஜ், இந்த வால்வால் பேட்டரியின் தயவுக்கு வந்துவிடுகிறது. பேட்டரி இறங்கினால் சுடர் அணையும், உள்ளே இருக்கும் பால் திரியும்.

அதனால் பலர் செய்வது, ஒயரைக் கத்தரித்து முழு ஏற்பாட்டையும் ஒழித்துவிடுவது. இங்கேதான் நான் கையைப் பிடித்து நிறுத்த விரும்புகிறேன். வால்வு வேறு, டிடெக்டர் வேறு. வால்வுக்கு மாற்று உண்டு, டிடெக்டருக்கு இல்லை.

13 அடி வண்டியின் உள்ளே இருக்கும் காற்று ஏறக்குறைய 10 கன மீட்டர். சிலிண்டரில் இருக்கும் கேஸ் புரோப்பேன்; காற்றில் அது 2.1 சதவீதம் கலந்தால் தீப்பொறி போதும். கணக்குப் போட்டால் அது சுமார் 400 கிராம் கேஸ். ஒரு 20 பவுண்டு சிலிண்டரில் இருப்பது 9 கிலோ. இந்த வண்டிகளில் அடுப்புக்கும் படுக்கைக்கும் நடுவே ஓர் ஆள் திரும்பத்தான் இடம் இருக்கும், இடுப்பு பட்டாலே அடுப்புக் குமிழ் திரும்பிவிடும். எரியாமல் திறந்து கிடக்கும் ஒரு சாதாரண பர்னர் மூன்று மணி நேரத்துக்குள் அந்த 400 கிராமையும் விட்டுவிடும். புரோப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், தரையில் தேங்கும். அதனால் கீழ்மட்டத்தில் ஆபத்து அதற்கும் முன்பே வந்துவிடுகிறது. கேஸில் வாசனைக்காகக் கலக்கும் எத்தில் மெர்காப்டன் விழித்திருப்பவருக்கு உதவும், தூங்குகிறவருக்கு உதவாது. தீப்பற்றும் அளவில் கால் பங்கை எட்டும் முன்பே டிடெக்டர் கத்த வேண்டும் என்பது அமெரிக்காவின் யு.எல். 1484 தரவிதி. அந்த இடைவெளிதான் உள்ளே இருப்பவர்கள் எழுந்து வெளியேறக் கிடைக்கும் நேரம்.

இனி மாற்றுகள். வால்வு இல்லாத புதிய டிடெக்டரை வைத்து அளந்தபோது 90 மில்லிஆம்பியர் காட்டியது. ஒரு நாளைக்கு இரண்டு ஆம்பியர்-மணி சொச்சம். முகாமில் அது ஒரு பொருட்டே இல்லை. இதையும் சுழியாக்க முடியாதா என்று கேட்கலாம். கார்பன் மோனாக்சைடு அலாரம் சின்ன பேட்டரியில் வருடக்கணக்கில் ஓடுகிறதே! அதில் இருப்பது மின்வேதியியல் சென்சார். புரோப்பேனைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலும் பயன்படுவது டின் ஆக்சைடு சென்சார். அது எப்போதும் சூடாக இருந்தால்தான் வேலை செய்யும். அந்தச் சூட்டுக்குத்தான் இந்த மின்சாரம் போகிறது.

அடுத்தது லேட்சிங் வகை சொலினாய்டு. திறக்க ஒரு துடிப்பு, மூட ஒரு துடிப்பு. இடையில் மின்சாரமே வேண்டாம். மீட்டரில் வைத்துப் பார்த்தபோது முள் சட்டென்று ஏறி இறங்கியதோடு சரி. பேட்டரிக் கவலை தீர்ந்தது. ஆனால் மின்சாரம் போனால் இது இருந்த நிலையிலேயே நிற்கும். திறந்திருக்கும்போது ஃபியூஸ் போனால் திறந்தே கிடக்கும். டிடெக்டரும் அதே ஃபியூஸில் இருந்தால் கத்தவும் ஆள் இல்லை. பழைய வால்வின் தலையாய குணம் அதுதானே! அதைக் கழற்றிவிட்டு வசதியை வாங்குவதாகவே எனக்குப் படுகிறது. மின்சாரம் குறையும்போது தானாக மூடும் துடிப்பை அனுப்ப, கூடவே ஒரு சேமிப்புச் சுற்று இருந்தால் மட்டும் இதைப் பரிசீலிப்பேன்.

என் தேர்வு மூன்றாவது: சொலினாய்டை முழுக்கக் கழற்றிவிட்டு, வால்வு இல்லாத டிடெக்டரைப் பொருத்தி, தூங்கும் முன்பும் வண்டி கிளம்பும் முன்பும் சிலிண்டர் குமிழைக் கையால் மூடுவது. ஃபிரிட்ஜ் இரவில் கேஸில் ஓட வேண்டியவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அவர்கள் பழைய வால்வை வைத்துக்கொண்டு, கூடுதலாக ஒரு சோலார் பேனல் போடுவதே நல்லது. சிலிண்டர் பக்கமும் வெறுமையாக இல்லை. இன்றைய 20 பவுண்டு சிலிண்டரின் இணைப்பில், ஹோஸ் வெடித்துக் கேஸ் பீறிட்டால் ஓட்டத்தை மட்டுப்படுத்தும் அமைப்பும், தீயின் சூட்டில் மூடிக்கொள்ளும் அமைப்பும் உண்டு. ஆனால் திறந்து கிடக்கும் பர்னர் அதற்குக் கசிவாகத் தெரியாது. வர்ஜீனியாவின் செசபீக் விரிகுடாப் பால–சுரங்கம் போன்ற இடங்களில் கேஸை மூடிய பிறகே உள்ளே விடுகிறார்கள். கை வைத்து மூடும் பழக்கம் அங்கும் உதவும். கழற்றிய இடத்தில் குழாயைப் பொருத்தும் வேலையை மட்டும் கேஸ் மெக்கானிக்கிடம் கொடுங்கள். அழுத்தச் சோதனை செய்து தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

ஒயரிங்கில் ஒன்று கவனிக்க வேண்டும். பல வண்டிகளில் டிடெக்டரைப் பேட்டரி கட்–ஆஃப் சுவிட்சுக்கு முன்பே நேராக இணைத்திருப்பார்கள். யாரும் தவறிக்கூட அணைத்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி, காரணம் சரிதான். ஆனால் குளிர்காலத்துக்கு வண்டியை நிறுத்தி, கட்–ஆஃபையும் போட்டுவிட்டு நிம்மதியாகப் போனால், அந்த 90 மில்லிஆம்பியர் இரண்டு மூன்று வாரத்தில் பேட்டரியின் பாதியைத் தின்றுவிடும். முழு சார்ஜில் உள்ள ஈயப் பேட்டரி மின்னசோட்டாக் குளிரையும் தாங்கும். காலியானது பூஜ்யத்துக்குச் சில டிகிரி கீழேயே உறைந்து ஓடு பிளக்கும். நிறுத்தும்போது சிலிண்டரை மூடி, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரையே கழற்றிவிடுவதுதான் வழி.

அளந்து பார்க்க நினைப்பவர்கள் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் செருகி, தொடரில் இணையுங்கள். மீட்டர் இணைந்திருக்கும்போது ஹீட்டர் விசிறியையோ பம்ப்பையோ போடாதீர்கள். மீட்டரின் ஃபியூஸ் போய்விடக்கூடும். டி.சி. கிளாம்ப் மீட்டர் இருந்தால் ஒயரைக் கழற்றும் வேலையே இல்லை.

டிடெக்டர் காரணமில்லாமல் கத்துகிறது என்ற புகாரும் உண்டு. ஹேர் ஸ்பிரே, ஆல்கஹால் ஆவி, சார்ஜ் ஆகும் பேட்டரி விடும் ஹைட்ரஜன் எல்லாமே டின் ஆக்சைடுக்குக் கேஸ் போலத்தான் தெரியும். பேட்டரி மட்டம் தாழ்ந்தாலும் சில மாடல்கள் சிணுங்கும். காரணத்தைத் தேடாமல் ஒயரைப் பிடுங்காதீர்கள். பழைய வண்டி வாங்கினால் டிடெக்டரின் முதுகில் அச்சிட்டிருக்கும் தேதியைப் பாருங்கள். சென்சாருக்கு ஆயுள் உண்டு. நிறுவனம் சொன்ன வருடங்கள் கடந்திருந்தால், பச்சை விளக்கு எரிந்தாலும் புதிதாக ஒன்றை வாங்கி மாட்டிவிட்டே முதல் பயணம் போங்கள்.